பணம் வாங்கிச் செய்த சத்தியம்



"ஓட்டுக்குப் பணம் வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டோமே! மாற்றிப் போட்டால் பாவமல்லவா?" என்று சிலர் கலங்குகிறார்கள். ஓட்டு இரகசியமானதால், பணம் கொடுப்போர் நம்பியிருப்பதும் இந்தத் தேவபயத்தையே. இத்தீமை சிறிதல்ல: 2019-ல் வேலூரில் பெருந்தொகை பிடிபட்டுப் பாராளுமன்றத் தேர்தலே ரத்தாயிற்று.

ஏரோது அரசன் தன் ஆணையைக் காக்கவென்றே ஸ்நாபக அருளப்பரைக் கொன்றான், அது புண்ணியமாயிற்றா? தீமைக்கென இட்ட ஆணை எவரையும் கட்டாது. பாவம், பணத்தை வாங்கியதிலும் சத்தியம் செய்ததிலுமே உள்ளது. அதற்கு வெட்கி வீட்டில் இருந்துவிடுவதும் சரியன்று. ஓட்டளிப்பது கடமையென்று திருச்சபையின் 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் போதிக்கிறது.

ஆகையால் அப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள், பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், பின்பு பொதுநன்மைக்கு உகந்தவர் எவரென்று மனச்சாட்சியைக் கேட்டு ஓட்டுப்போடுங்கள்.