பிறர் நிலத்தில் நம் வழி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளிடையே, சிப்பிங் கேம்ப்டன் முதல் பாத் நகர்வரை 164 கி.மீ. நீளும் நடைவழியில் ஓடுவோர் பிறருடைய மேய்ச்சல் நிலங்களையும் வயல்களையும் கடந்தே செல்கின்றனர். பொதுமக்கள் 20 ஆண்டுகள் மறைவின்றி, இசைவு கேளாது, இடையறாது நடந்த தடத்தை, உடையவரின் மறுப்புக்குச் சான்று இல்லாவிடில், பொதுவழியாகவே கொள்கிறது அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். பாதங்களே எழுதிய பத்திரம்!

தனியுடைமை நியாயமானதே, ஆயினும் முழுமுதல் உரிமையன்று என 1991-இல் 'நூறாம் ஆண்டு' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கற்பித்தார். அக்கருத்து வயல் நடுவே ஒற்றையடித் தடமாய்க் கிடப்பதைக் காண்கிறோம்.

கடப்பவரின் உரிமை மட்டும் முழுமுதலானதா? ஆடுகள் மேயும் வயலின் படலைத் திறந்தவர் அதனைச் சாத்திச் செல்லவேண்டும். கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓடுபவருக்கு அந்த நொடிகள் எரிச்சலூட்டலாம். சாத்தாத படல்வழியே ஓர் ஆடு சாலைக்கு வந்துவிட்டால், 'வழி எமது' என்னும் நியாயம் அங்கே செல்லுமோ?