நடுங்குங் கையும் சிவத்தொண்டும்

உயிரானது உடம்போடு கூடிநின்றே வினைப்பயனை நுகர்தலும், அவ்வுடம்பினையே கருவியாகக் கொண்டு இறைவனை வழிபட்டு உய்தலும் சித்தாந்த சைவர்க்கு ஒப்பமுடிந்த உண்மைகளாம். ஆயின் அக்கருவியே பழுதுபட்டு, ஏவியவழி நில்லாது, எடுத்த நீரைச் சிந்தியும், இட்ட மலரைத் தவறவிட்டும், ஓதும் வாயைத் தளர்வித்தும் நிற்குங்கால் அடியவன் செயற்பாலது யாது? அந்நோயை வினையென்று பொறுத்து வாளாவிருத்தல் தகுமா? மருந்துண்டு தணிக்க முயலுதல் வினையை மறுத்தலாகுமா? நடுங்குங் கையாற் செய்யும் பூசை பூசையாகுமா? இவ்வினாக்கள் மூன்றும் நூலாராய்ச்சியின்பொருட்டு மட்டும் எழுந்தனவல்ல. நடுக்குவாதம் என்னும் நோயுற்ற அன்பர்தம் இல்லங்களில் நாடோறும் எழுவன. ஆதலின் அவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பழனி மலைத்தொடரின்கண், கொடைக்கானல் வட்டத்தில், காப்பியும் ஆரஞ்சும் மலைவாழையும் விளையும் பண்ணைக்காடு என்னும் ஊர் உளது. அதனை அடுத்துள்ள தாண்டிக்குடியில் முருகப்பெருமான் திருக்கோயில் கொண்டருளியிருக்கின்றார். அப்பெருமான் அவ்விடத்தினின்று தாண்டிப் பழனிக்கு எழுந்தருளினார் என்பது அந்நாட்டு வழக்கு. அப்பழனியின் மூலவர் திருவுருவம் போகரென்னுஞ் சித்தரால் நவபாடாணத்தால் அமைக்கப்பெற்றதென மரபுரை கூறும். மருத்துவமும் வழிபாடும் ஒருங்கே வைத்து எண்ணப்பெறும் இம்மலைநாட்டிலே நடுக்குவாதமுற்ற முதியவர்க்கு இடர் இருமடங்காகின்றது. ஊர்வழிகள் மேடும் பள்ளமுமாயிருத்தலின் கால்தளர்ந்தார்க்கு வீழ்ச்சி எளிது. நரம்பு மருத்துவ வல்லுநரைக் காணவேண்டின் மலைவழி இறங்கித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ செல்லல்வேண்டும். ஆகவே, அங்குள்ளார் நோயின் இயல்பினைத் தாமே ஓரளவு அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இந்நோய் வாதநோய் வகையுள் நடுக்குவாதமென்றும், வடமொழி மருத்துவநூல் வழக்கிற் கம்பவாதமென்றும் நம்மனோராற் பண்டே அறியப்பெற்றது. மேனாட்டில் இலண்டன் மருத்துவராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார் 1817-ஆம் ஆண்டில் நோயாளர் அறுவரைக் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். பின்னர் அவர் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. மூளையின் நடுப்பாகத்தில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நுண்ணணுக்கள் சிறிது சிறிதாக அழிதலே இதன் காரணமென்க. அவ்வணுக்களிற் பெரும்பகுதி அழிந்த பின்னரே நடுக்கம் புறத்தே புலனாகும். நடுக்கமொன்றே இந்நோயன்று, உடல் இறுகுதல், செயல் மந்தமாதல், அடி சிறுத்தல், நடக்குங்கால் கால் நிலத்தோடு ஒட்டினாற்போல் நின்றுவிடுதல், முகம் மெய்ப்பாடின்றி இருத்தல், குரல் தாழ்தல், எழுத்துக் குறுகுதல், மலச்சிக்கல், உறக்கக்கேடு, மனச்சோர்வு என்பனவும் உடன்நிகழும். நடுக்கமே இல்லாது இந்நோய் வருதலும் உண்டு. இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. பயிர்ப்பூச்சி மருந்துகள் சிலவற்றோடு நெடுநாட் பழகுதற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென ஆராய்ச்சியாளர் பலர் கூறுதலின், தோட்டத்தொழில் மிக்க மலையூரார் அவற்றைக் கையாளுங்கால் காப்புடன் இருத்தல் நன்று.

இனி, முதல் வினாவினை நோக்குவாம். “நோய் பிராரத்துவத்தின் பயன், நுகர்ந்தே கழிக்கற்பாலது, மருந்து தேடுதல் நுகர்ச்சியைத் தடுத்தலாம்” என்பாரும் உளர். அவர்க்குக் கூறுவது: பசியும் பிராரத்துவத்தின் வழியே வருவது. அதனை நுகர்ந்தே கழிப்பேமென்று உண்ணாதிருப்பாரைக் காண்கின்றிலேம். மழை நனைத்தலும் வெயில் சுடுதலும் அத்தகையனவே. குடைபிடித்தல் வினைமறுப்பென்று ஒருவருங் கூறார். நோய் வினையின்வழி வந்ததெனின், அதனைத் தணிக்கும் மூலிகையும், அதனை அறிந்த மருத்துவனும், அவனை நாடுதற்கு வேண்டும் பொருளும் அறிவும் எவ்வழி வந்தன? அவையும் வினைக்கீடாக இறைவன் கூட்டுவித்தனவேயன்றோ? துன்பத்தை மட்டும் வினையின் பாலாக்கி, துன்பநீக்கத்தை வினைக்குப் புறம்பாக்குதல் தருக்கநெறிக்கு ஒவ்வாது.

மேலும், ஆணவமாகிய இருளிற் கிடந்த உயிர்க்கு மாயையினின்றும் தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டியது, உயிர் சிறிது விளக்கம் பெற்றுத் தன்னை அறியும்பொருட்டேயாம். அங்ஙனம் அருளாற் கிடைத்த கருவியைத் துருப்பிடிக்க விடுதல் தந்தவன் கருத்திற்கு மாறாம். திருமூலநாயனார் தமது திருமந்திரத்திலே யோகநெறியையும் உடம்பைப் பேணுதலையும் விரித்துரைத்ததும் இக்கருத்துப்பற்றியென்க.

சமயகுரவர் ஒழுக்கமும் இதற்குச் சான்றாம். திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்தில், அந்நாட்டுக் குளிர்ப்பிணி அடியார் திருக்கூட்டத்தைப் பற்றியது. பிள்ளையார் “அது வினை, பொறுங்கள்” என்று அமைந்தாரல்லர், திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனை நீக்கினார். அப்பதிகத்திலேயே, வினையைக் காரணங்காட்டி உய்யும் வழியைத் தேடாதிருத்தல் குறையாமென்னும் கருத்து அமைந்திருத்தல் ஓதுவார் அறிவர். திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகளை முயலகன் என்னும் பிணி வருத்தியபோதும் அவர் இரங்கியே நின்றார். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உதவுவதேயன்றிப் பிறர் துன்பத்தைக் கண்டு இரங்காதிருத்தற்கு ஏதுவாகக் கொள்ளற்பாலதன்று. நடுங்குவாரைக் கண்டு “இன்ன பாவஞ் செய்தான் போலும்” என்று கூறும் நாவே புதிதாக ஆகாமியம் ஈட்டுவதென்க.

இனி, மருந்தின்பால் வருவாம். ஈண்டு இருவகைப் பிழைகள் நிகழ்கின்றன. மருந்தொன்றே போதும், உணவும் பயிற்சியும் வழிபாடும் வேண்டா என்பது ஒன்று. மூலிகையும் யோகமும் இருக்க மேனாட்டு மருந்து எதற்கென்று அதனை நிறுத்திவிடுதல் மற்றொன்று. இவற்றுட் பின்னையது பெரிதும் இடர் பயப்பது. லெவோடோபா முதலிய மருந்துகளைத் திடீரென நிறுத்தின் உடல் மிக இறுகிச் சுரங்கண்டு உயிர்க்கே ஊறு நேர்தலும் உண்டு.

இவ்விரு மருத்துவமும் பகையல்ல என்பதற்குப் பூனைக்காலி என்னும் நம் நாட்டுக் கொடியே சான்று பகரும். அதன் விதையை நம் மருத்துவர் பண்டுதொட்டுப் பயன்படுத்தி வந்தனர். 1937-இல் தாமோதரன், இராமசுவாமி என்னும் இந்திய ஆராய்ச்சியாளர் இருவர் அவ்விதையினின்றும் லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர். அப்பொருளே நடுக்குவாதத்திற்கு உற்ற மருந்தாதல் பின்னரே தெளிவாயிற்று. டோபமினைப்பற்றி 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆர்வித் கார்ல்சன் என்பார் செய்த ஆராய்ச்சி அதற்கு வழிகோலிற்று. அவர்க்கு 2000-இல் நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. வியன்னா நகரத்தார் 1961-இல் லெவோடோபாவை நோயாளர்க்குச் செலுத்திப் பயன்கண்டு வெளியிட்டனர். 2004-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளர் எண்மர்க்குப் பூனைக்காலி விதைத்தூள் கொடுத்துப் பார்த்ததில் அது விரைந்து பயன்தந்ததெனக் கூறிற்று. எண்மரைக் கொண்டு உலகத்தார் யாவர்க்கும் விதி வகுத்தல் ஆகாது. ஆயினும் நம் முன்னோர் மருத்துவம் வெறுங்கதையன்றென்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், கொல்லையிற் கிடக்கும் பூனைக்காலியை இடித்துண்டால் அமையாதோ எனின், அமையாது. விதைக்கு விதை மருந்துப்பொருளின் அளவு வேறுபடும். பக்குவஞ் செய்யாத விதை வாந்தியும் வயிற்றுநோயும் பயக்கும். முன்னரே லெவோடோபா உண்பவர் அதனையும் உண்டால் அளவு மிகுந்து கைகால்கள் தாமே முறுகி ஆடுதலும் மனமயக்கமும் உண்டாம். ஆகலின், சித்த மருத்துவரிடஞ் செல்வார் ஆங்கில மருத்துவர் தந்த மருந்துச்சீட்டையும், ஆங்கில மருத்துவரிடஞ் செல்வார் தாம் உண்ணும் சூரணத்தையும் மறையாது காட்டுக. வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கும் மருந்துகளுட் சில இந்நோயை மிகுவிக்குமாதலின், எந்த மருத்துவரிடத்தும் தமக்கு இந்நோயுண்மையை முதற்கண் கூறுக. “முற்றும் குணமாக்குவேம்” என்று விளம்பரஞ் செய்வாரை நம்பற்க. இந்நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்றுவரை எம்முறையினுங் கண்டிலர். தணித்துப் பல்லாண்டு நன்கு வாழச்செய்யும் வழிகளே உள்ளன.

உணவின்கண் அறியற்பாலது ஒன்றுண்டு. பருப்பு, பால் முதலியவற்றிலுள்ள புரதம் லெவோடோபா குடலினின்றும் உட்செல்லுதலைத் தடுக்கும். ஆதலின் அம்மருந்தை உணவிற்கு அரைமணி முன்னராதல் ஒருமணி பின்னராதல் உண்ணுமாறு மருத்துவர் கூறுவர். மலச்சிக்கலுக்கு நீரும் கீரையும் பழமும் மிகுதியும் கொள்ளல் நன்று. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உதவும் மலைவாழையை விளைக்கும் நாட்டார்க்குப் பழத்திற்குக் குறைவென்ன?

உடற்பயிற்சி இந்நோய்க்கு மருந்தோடொத்த சிறப்புடையது. சீனநாட்டுத் தாய்ச்சி என்னும் மெல்லசைவுப் பயிற்சி நோயாளரின் நிலைதளராமையைப் பேணுகின்றதென 195 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. நம் ஆசனப் பயிற்சியும், பற்றுக்கோடு பிடித்துச் செய்யும் நடையும் அவ்வகையினவே. பிராகாரத்தை நாடோறும் வலம்வருதல் வழிபாடுமாம், பயிற்சியுமாம்.

அதனினும் வியத்தகுவது தாளத்தின் பயன். கால் ஒட்டிநின்றுவிட்ட நோயாளர், அளவொத்த தாளவோசை செவிப்பட்ட அளவிலே அடியெடுத்து வைத்தலை மருத்துவர் கண்டு, அதனையே ஒரு முறையாக அமைத்துள்ளனர். மூளையின் உள்ளிருந்து எழவேண்டிய ஏவல் குன்றியவிடத்துப் புறத்திருந்து வரும் ஓசை அவ்வேலை செய்கின்றது. திருக்கோலக்காவிலே கைநோவப் பாடிய பிள்ளையார்க்கு இறைவன் பொற்றாளம் அளித்தருளிய வரலாற்றை நாம் அறிவோம். திருமுறையைத் தாளத்தோடு பாடிக்கொண்டு நடத்தலும், உரத்து ஓதுதலும் நோயாளர்க்கு ஏற்ற பயிற்சிகளாம். இந்நோயால் தாழ்ந்த குரலை வலிந்து உயர்த்திப் பயிலும் பயிற்சியை மேனாட்டார் தனியே வகுத்திருக்கின்றனர். நம்மவர் திருமுன்பு நின்று பதிகத்தை வாய்விட்டு ஓதுக. ஆயினும் திருமுறையைப் பயிற்சிப்பொருளாக மட்டும் எண்ணற்க. அதன் முதற்பயன் அருள். குரல்நலம் அதனோடு கூடி வருவது.

எஞ்சியது மூன்றாம் வினா. நடுங்குங் கையாற் செய்யும் பூசை பூசையாமோ? சிவதீக்கை பெற்று ஆன்மார்த்த பூசை இயற்றிவந்தவர், அபிடேக நீர் சிந்துகின்றதே, திருநீறு வழுவுகின்றதே என்று நாணிப் பூசையை விடுதலும், பிறர் காண்பரென்று கோயிற்கே செல்லாதிருத்தலும் உண்டு. குடியால் நடுங்குகின்றாரென்று அறியாதார் கூறும் பழிச்சொல் அவர்தம் நோயினும் கொடிதாய் அவரை வீட்டினுள்ளே அடைக்கின்றது. மருந்தும் பயிற்சியும் இருந்தும் வாழ்வு பாழாதல் பெரும்பாலும் இவ்விடத்தேயாம்.

திருவாரூரிலே தண்டியடிகள் பிறவிக்குருடர். திருக்குளத்தைக் கல்லிப் பெருக்கவேண்டுமென்னும் அன்பு அவர்க்கு எழுந்தது. கண்பெற்ற பின்னர்ச் செய்வேமென்று அவர் காத்திருந்தாரல்லர். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறுகட்டி, அதனைத் தடவிச்சென்று மண் சுமந்தார். கண் அவர்க்குப் பின்னரே கிடைத்தது. தொண்டு அதற்கு முன்னரே தொடங்கியது. இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளற்பாலது யாதெனின், உடற்குறை தொண்டிற்குத் தடையன்று என்பதும், குறைக்கேற்ற கருவி அமைத்துக்கொள்ளுதல் இழிவன்று என்பதுமாம். அன்று அவர்க்குக் கயிறு. இன்று நடுக்குவாதமுற்றார்க்கு ஊன்றுகோலும், கனத்த பிடியுள்ள பாத்திரமும், சுவரிற் பதித்த கைப்பிடியும், மருந்து நன்கு பற்றும் வேளை நோக்கிப் பூசைக்கு அமர்தலும் அக்கயிற்றின் வகையேயாம். இயலாதவற்றை ஆசாரியரிடம் விண்ணப்பித்துச் சுருக்கிக்கொள்க. மகனோ மருகியோ கைகொடுக்க வழிபடுக. புறத்தே ஒன்றும் இயலாதபோது, மனத்தின்கண் ஆலயமெடுத்த பூசலார் நெறி இருக்கின்றது. ஆனால் இயலுமளவு புறப்பூசையை விடாதிருத்தலே முறை.

பிறசமயத்தாரிடத்தும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கத்தோலிக்கத் தலைவராயிருந்த போப் இரண்டாம் ஜான் பால், 2005-இல் இறக்குமளவும், இந்நோயால் கையும் குரலும் தளர்ந்த நிலையிலும் மக்கள் முன் தோன்றித் தம் வழிபாட்டுக் கடனை ஆற்றிவந்தார். தளர்ச்சியை மறையாமையே அவர்தம் உரையினும் சிறந்த உரையாயிற்று.

இனி, நோயாளரைச் சூழ்ந்தார் கடன் கூறுதும். முகம் மெய்ப்பாடின்றி இருத்தலைக் கண்டு அன்பின்மையென்று கருதற்க. அது தசையின் இறுக்கமே. விடை தாழ்த்து வருதலை அறிவின்மையென்று கொள்ளற்க, பொறுத்துக் கேட்க. நாமே விரைந்து எல்லாம் செய்துவிடின் அவர்க்கு எஞ்சிய ஆற்றலுங் குன்றும். ஆதலின் இயல்வதனை அவரே செய்ய விடுக. சூலைநோயால் வருந்திவந்த தம்பியைத் திலகவதியார் கடிந்து விலக்காது, திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். பேணுவார்க்கு அவ்வம்மையாரே வழிகாட்டி. பேணுவாரும் சோர்வர், அவர்க்கு ஓய்வளித்தல் உறவினரும் அடியாரும் பகிர்ந்துகொள்ளற்பாலது. குரு லிங்க சங்கமம் மூன்றையும் ஒப்ப வழிபடுவேமென்பார், கோயில் வாயிலிற் படியேற இயலாது நிற்கும் அடியவர்க்குக் கைகொடாராயின் அவ்வழிபாடு எத்தன்மைத்து?

ஆகவே, நோய் வினைவழி வரினும் அதற்கு மருந்து தேடுதல் அருள்வழிப்பட்டதே என்பதும், மருந்தும் உணவும் பயிற்சியும் வழிபாடும் ஒன்றையொன்று விலக்காது துணைநிற்பனவென்பதும், நடுங்குங் கை தொண்டிற்கு உரிமையிழந்த கையன்றென்பதும் பெறப்பட்டன. நடுக்கம் உடம்பின்பாலது, அதனை அறிந்துநிற்கும் உயிர் உடம்பின் வேறு, அவ்வுயிர்க்குயிராய் நிற்கும் இறைவனோ யாண்டும் அசைவிலன். நீர் சிந்திற்றென்று அவன் வெறான்; சிந்திய கை யாரை நோக்கி நீண்டதென்பதையே அவன் அறிவான். இந்நோயுற்ற அன்பர் இதனை உட்கொண்டு நாளையே தம் பூசைப்பெட்டியை மீண்டும் திறப்பாராக. அருகிருப்போர் விளக்கை ஏற்றித் தருவாராக.

திருச்சிற்றம்பலம்.