வாய்மூடியிருப்பதுதான் சமாதானமா?



சமாதானம் என்ற சொல் நமக்குப் பழகிப்போன சொல். பூசையிலே ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக்கொள்கிறோம். தோட்டத்தில் இரண்டு குடும்பங்கள் மோதிக்கொண்டால் தலைவர் வந்து சமாதானம் பண்ணி வைக்கிறார். இப்போது அரசாங்கமும் அந்தச் சொல்லை எடுத்து, பெண்களை முன்வைத்து ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. "பெண்கள், சமாதானம், பாதுகாப்பு" பற்றிய தேசிய செயற்றிட்டம் என்பது அதன் பெயர். 2023ம் ஆண்டு அமைச்சரவை அங்கீகரித்த இத்திட்டம் 2027 வரைக்கும் உரியது. இலங்கையில் இவ்வகையில் இதுவே முதலாவது. "இதெல்லாம் யுத்தம் நடந்த வடக்கு கிழக்கிற்கு. கொழுந்து பறிக்கிற நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இத்திட்டத்திற்கு வேர், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000ம் ஆண்டு ஒக்டோபர் 31ம் திகதி ஏகமனதாக நிறைவேற்றிய 1325ம் இலக்கத் தீர்மானம். யுத்தத்தில் அதிகம் துன்பப்படும் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. சமாதானம் பேசும் மேசையில் அவர்களுக்கும் ஆசனம் வேண்டும் என்றது. அந்தத் தீர்மானத்திற்கு ஆறு நாட்களுக்கு முன்னர், ஒக்டோபர் 25ம் திகதி காலையில், நமது பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் என்ன நடந்தது என்பதை ஊவா மக்கள் மறந்திருக்க முடியாது. அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களில் 25 பேருக்கு மேல் ஒரு கும்பலால் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு நின்ற பொலிசார் அதைத் தடுக்கவில்லை. 2003ல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005ல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு எல்லாரும் விடுதலையாயினர். யுத்தம் நம் மலைக்கு வரவில்லை என்று யார் சொல்ல முடியும்? 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருந்த தாய்மார் இன்றும் நம்மிடையே பாட்டிமாராக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி ஒன்றே: "சத்தம் போடாதே, நடந்ததைப் பேசாதே."

இந்தப் புத்திமதியைத்தான் நான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன். ஏனெனில் கலவரத்தின்போது சொல்லப்படுவது மாத்திரமல்ல இது. 1964ல் இரண்டு பிரதமர்கள் கைச்சாத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலும் ஆன குடும்பங்கள் எத்தனை! அந்தப் பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாடுகளுக்கிடையே அது சமாதானம் எனப்பட்டது.

இனி வீட்டிற்குள் வருவோம். குடித்துவிட்டு வந்த கணவன் அடிக்கிறான். லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் மானம் போகும் என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்கிறாள். மறுநாள் முகம் வீங்கியிருக்கப் பிரட்டுக்குப் போக முடியாது. அன்றைய பேர் போய்விடும். அவள் தலைவரிடம் போனால், "பேசி முடித்துவிட்டோம்" என்கிறார். மாமியாரும் "பொறுத்துக்கொள், பிள்ளைகளைப் பார்" என்கிறாள். கோயில் மூப்பரும் அதையே சொல்கிறார். இரவு அமைதியாகிறது. எல்லாருக்கும் நிம்மதி, அவளைத் தவிர. அந்த நிம்மதியின் விலை முழுவதையும் அவள் ஒருத்தியே செலுத்தியிருக்கிறாள். ஒருவர் செலவில் மற்றவர்கள் அனுபவிக்கும் அமைதிக்குச் சமாதானம் என்று பெயரிடுவது நியாயமா?

பொறுமை ஒரு புண்ணியமல்லவா, சுவாமி, என்று நீங்கள் கேட்கலாம். புண்ணியந்தான். ஆனால் புனித அக்குவினாத் தோமையார் பொறுமையை விளக்கும்போது, துயரத்தினால் மனமுடைந்து நன்மையைக் கைவிடாமலிருக்கும் பலம் என்றே விளக்குகிறார். தீமைக்கு இடம் விடுவதை அவர் பொறுமை என்று சொல்லவில்லை. மறு கன்னத்தையும் காட்டு என்று போதித்த இயேசுநாதரே, தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது பேசாமல் நிற்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்ற பொருள்படக் கேட்டார். அருளப்பர் நற்செய்தி 18ம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அவர் திருப்பி அடிக்கவுமில்லை, வாயை மூடவுமில்லை. நம் பெண்களுக்கு முதலாவது கன்னத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்துவிட்டோம். இந்தக் கேள்வியைப் பற்றி யாரும் அதிகம் பிரசங்கம் செய்ததாகத் தெரியவில்லை.

பாப்பரசர் 23ம் அருளப்பர் 1963ல் உலக சமாதானத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நம் காலத்தின் அடையாளங்களாக மூன்றைக் குறிப்பிட்டார்: தொழிலாளர் உயர்வடைவது, பெண்கள் பொது வாழ்வில் பங்கு கொள்வது, அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை பெறுவது. தோட்டத்துப் பெண் முதல் இரண்டிலும் சேர்ந்தவள். ஆனால் அந்த மடல் வெளிவந்து 20 ஆண்டுகளுக்கும் மேல் சென்ற பின், 1984ல்தான், அவளுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. சங்கங்களுக்குச் சந்தா கட்டுபவர்களில் பெரும் பகுதி பெண்கள். மேசையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்திற்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அவ்வாறு தெரிவானது அதுவே முதல் தடவை. சர்வசன வாக்குரிமை 1931ல் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

திட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கொழும்பில் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களுக்குக் கூட்டங்கள் அதிகம், கால்கள் குறைவு. மலையேறி லயத்திற்கு வருவதற்குள் களைத்துவிடுகின்றன. ஆனால் அதைக் காரணங்காட்டி நாம் சும்மா இருந்துவிடலாகாது. 2005ம் ஆண்டின் 34ம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடைச் சட்டத்தின்படி, அடிபட்ட பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிசாரும் கேட்கலாம். பொலிஸ் நிலையத்திற்குப் போகிறவளுக்கு முதல் தடை மொழி. அவள் தமிழில் அழுவாள், புத்தகத்தில் சிங்களத்தில் எழுதுவார்கள், வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைப்பாள். தமிழும் அரசகரும மொழி என்று 1987லிருந்து அரசியல் யாப்பு கூறுகிறது. 1999ல் பதுளை, பண்டாரவளை, ஹாலி-எல, பசறை, அப்புத்தளை உட்பட நம் மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆகவே "தமிழில் எழுதுங்கள்" என்று கேட்பது உரிமை. தனியே போய் அதைக் கேட்க ஒரு பெண்ணுக்குத் துணிவு வராது. படித்த மகனோ, ஆசிரியையோ, சபையாரில் ஒருவரோ கூடப் போகவேண்டும். தோட்டத் தலைவர்மார் இந்தப் பத்திரிகையை வாசிப்பதுண்டு. அடுத்த முறை ஒரு குடும்ப வழக்கைப் பேசி முடிக்கும் முன்னர், அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்படி அவர்களை வேண்டுகிறேன். பெண்களுக்கான அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. அதை எழுதி, பிள்ளைமடுவத்துக் கதவில் ஒட்டி வையுங்கள்.