பிரிண்டர் நின்றதற்கு எது காரணம்?

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ராயபுரம் முதல் எண்ணூர் வரை சரக்கு முகவர் அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது. இரவு விண்டோஸ் அப்டேட் ஆகி, காலையில் பிரிண்டர் நின்றால், அப்டேட்தான் காரணம் என்று தீர்ப்பாகிவிடும். 2021 ஜூலையில் உலகமே அப்படித்தான் நினைத்தது. அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஜீப்ரா லேபிள் பிரிண்டர்கள் பல முடங்கின. ஆனால் ஓட்டையை அடைத்ததால் அல்ல, ஜூன் மாத முன்னோட்ட அப்டேட்டில் நுழைந்த வேறு மாற்றத்தால் வந்த கோளாறு என்று பிறகு தெரிந்தது. இரண்டும் ஒரே மூட்டையில் வந்து இறங்கியிருந்தன.

சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் முதல், துணை, நிமித்தம் என மூன்று காரணம் கேட்கும்: குடத்துக்கு மண், சக்கரம், குயவர். அப்படிப் பார்த்தால் தாளும் டோனரும் குறையின்றி இருக்கின்றன, அச்சிடுபவரும் இருக்கிறார். இடறியது துணைக்காரணமான மென்பொருள். வாசலில் டிரெய்லர் நிற்கையில், கேட் பாஸ் அடிக்க வேண்டியவருக்குத் தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் தவறினால் பரிகாரமும் தவறும் என்பதற்குத்தான். அப்டேட்டையே நீக்கினால் அச்சு வரும், ஓட்டையும் திறந்துகொள்ளும். வரிசையில் பழைய கோப்பு சிக்கியிருந்தால், ஸ்பூலரை நிறுத்தி அதை அழித்து மறுபடி ஓடவிட்டாலே போதும். ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்ததால்தான் பிரிண்டர் ஆண்டு முழுக்க ஓடியது என்பதும் அதே பனம்பழம்தான். பூஜையைக் குறை சொல்லவில்லை, அது நன்றி. திருவொற்றியூர்ப் பட்டறைகளில் லேத்துக்குப் பொட்டு வைப்பவர் எண்ணெய் விடுவதை நிறுத்திவிடுவதில்லையே.