கர்ணனுக்கும் ஒரு கை நீர்



குருக்ஷேத்திரப் போர் முடிந்தபின் நிகழ்ந்த காட்சி ஒன்றை வியாச பகவான் ஸ்திரீ பர்வத்தில் விவரிக்கிறார். கங்கைக் கரையில் யுதிஷ்டிரர் போரில் மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார். தம் பக்கத்தவர், எதிரணியினர் என்ற பேதம் அங்கே இல்லை. அவ்வேளையில், அதுவரை மௌனமாக இருந்த குந்திதேவி வாய் திறக்கிறாள்: கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்த சகோதரன் என்கிறாள். வாழ்நாளெல்லாம் தேரோட்டியின் மகன் என்று ஏளனம் செய்யப்பட்டவனுக்கு, உடன்பிறந்தார் என்னும் உறவு அந்த ஒரு கை நீரில்தான் கிடைத்தது.

நீர்க்கடனின் உட்பொருள் இதுவே. இறந்தவனைப் பெயர் சொல்லி அழைத்து, "நீ எங்களவன்" என்று ஏற்றுக்கொள்வது. மகப்பேறின்றி மறைந்த பீஷ்மருக்கு மாக மாத வளர்பிறை அஷ்டமியில் ஊரார் அனைவரும் தர்ப்பணம் செய்யும் மரபு இதனால்தான் வந்தது. தந்தை உயிரோடு இருப்பவரும் அதைச் செய்யலாம் என்பர் பெரியோர். சமுதாயத்துக்காக வாழ்ந்த வீரனுக்குச் சமுதாயமே மகனாகிறது.

புதுதில்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது. அமர சக்கரம், வீரதா சக்கரம், தியாக சக்கரம், ரக்ஷக சக்கரம் என ஒன்றனுள் ஒன்றாக நான்கு வட்டங்கள். தியாக சக்கரத்தின் கருங்கற்களில், சுதந்திரத்துக்குப்பின் நாட்டுக்காக உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நாமரூபம் பொய் என்று வேதாந்தம் படிக்கும் நமக்கு இத்தனை பெயர்கள் எதற்கு என்று தோன்றலாம். தன் நாமரூபத்தைத் துறப்பது சாதகனின் கடமை; பிறர் நமக்காகத் துறந்த நாமரூபத்தை மறப்பது நன்றிகேடு. இரண்டும் ஒன்றல்ல.

"அஹிம்சையைப் போற்றுவோர்க்குப் போர் நினைவிடத்தில் என்ன வேலை?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான். ஆனால் அங்கே பொறிக்கப்பட்டிருப்பது கொன்றவர்களின் கணக்கன்று, உயிரைக் கொடுத்தவர்களின் பெயர். கீதாசார்யன் அர்ஜுனனைப் பகைமையை வளர்க்கச் சொல்லவில்லை. மனக்காய்ச்சல் நீங்கியவனாய்க் கடமையைச் செய் என்றான். ஆகவே நினைவிடத்தில் நின்று எந்த நாட்டையும் வைது முழங்குவது, அங்கே உறங்குவோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அங்குள்ள பரம யோத்தா ஸ்தலத்தில் பரம் வீர் சக்கரம் பெற்ற 21 வீரர்களின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. 1987-இல் இலங்கையில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அவர்களுள் ஒருவர். அந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் ஐரோப்பாவில் பிறந்து, இந்திய இராணுவ அதிகாரியை மணந்து, நம் புராணங்களில் தோய்ந்த சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையார். பதக்கத்தில் அவர் பதித்தது இந்திரனின் வஜ்ராயுதம். ததீசி முனிவர் தேவர்களைக் காக்கத் தம் எலும்பையே கொடுத்தாரே, அதிலிருந்து உருவான ஆயுதம்! வீரனின் மார்பில் ஒரு ரிஷியின் எலும்பு.

சற்றுத் தொலைவில் நிற்கும் இந்தியா கேட் 1931-இல் திறக்கப்பட்டது. அதில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்கள் அந்நிய அரசின் படையில் போரிட்டவர்கள்தாமே, அவர்களை ஏன் வணங்க வேண்டும் என்பாருக்கு என் விடை: கர்ணன் எந்த அணியில் நின்றான்? குந்தி அதைப் பார்க்கவில்லை.

நினைவிடத்தில் நாள்தோறும் மாலையில், வீழ்ந்த வீரர் ஒருவரின் உறவினர் மலர்வளையம் வைக்கிறார். முதிய தாயாக இருக்கலாம், இளம் மனைவியாக இருக்கலாம். அந்நேரத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க முண்டுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது. மயானக் கரையில் நாம் இப்படி நடப்போமா? சில நிமிடம் கைகட்டி நின்று, கல்லில் ஏதேனும் ஒரு பெயரை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். அதுவே தர்ப்பணம்.

தில்லிக்குச் செல்ல இயலாதோர் பலர். ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14, முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. உங்கள் ஊரில் விழா நடந்தால் செல்லுங்கள். ஒரு விழாவில், சிறப்பு விருந்தினர் வரும்வரை மூத்த வீரர்கள் வெயிலில் நாற்காலியில் காத்திருந்ததைக் கண்டேன். பொன்னாடை பிறகு வந்தது. ஒரு குவளை நீர் வரவில்லை. அதை எடுத்துக் கொடுக்க அழைப்பிதழ் தேவையில்லை.

விழா முடிந்ததும் அவர்களில் ஒருவர் அருகே அமருங்கள். போர்க்கதை கேட்க வேண்டாம். உடன் இருந்தவர்களில் திரும்பி வராதவர் யார் என்று மெல்லக் கேளுங்கள். சற்று நேரம் பேசமாட்டார். பிறகு ஒரு பெயரைச் சொல்வார், ஊரையும் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.