வேர் பிடுங்கும் கைக்கு ஒரு எல்லை

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலில் உள்ள அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்துக்கு அபிஷேகம் கிடையாது. குங்கும அர்ச்சனை மட்டும்தான். எட்டு மூலிகைகளைக் கொண்டு ஆதிசங்கரர் அதை அமைத்தார் என்பது தல மரபு. கல் விக்கிரகம் என்றால் குடம் குடமாகப் பாலும் தண்ணீரும் ஊற்றலாம். மூலிகைமேல் ஊற்றினால் கரைந்துவிடும். எவ்வளவு பக்தி இருந்தாலும் இங்கே குடத்தைக் கீழே வைத்தாக வேண்டும். மூலிகையைத் தெய்வமாகக் கும்பிடும் இதே மரபில் வந்தவர்கள்தான் சதுரகிரியிலும் கொல்லிமலையிலும் பொதிகையிலும் மூலிகை தேடிப் போகிறார்கள். கும்பிடும் கைக்கு இருக்கும் தடை, தோண்டும் கைக்கு உண்டா?

உண்டு என்றே சித்த மருத்துவ மரபு சொல்கிறது. செடிக்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி மந்திரம் சொல்லி, நகம் படாமல் எடுக்க வேண்டும் என்பது முறை. செடிக்கும் உயிர் உண்டு, அதைக் கேட்காமல் எடுப்பது பாவம் என்பதே இதன் உட்பொருள். ஆனால் மந்திரம் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று பலர் எண்ணுவதில்தான் பிழை. துளசியில் நாலு இலை கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். ஊறுகாய்க்காக மாகாளிக்கிழங்கை ஒன்றுவிடாமல் தோண்டினால் அந்தக் கொடியின் கதை முடிந்தது. உயிரையே எடுக்கும்போது மன்னிப்பு கேட்பது முதல் படி. எவ்வளவு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பது அடுத்த படி. அது இல்லாத மந்திரம் வெறும் ஓசை.

இதற்கு ஜின்செங் என்ற மருந்து வேர் நல்ல சாட்சி. கொரியாவில் காட்டு ஜின்செங் தேடுகிறவர்கள் மலைத் தெய்வத்துக்குப் படையல் இட்டுவிட்டே ஏறுவது வழக்கம். அப்படியும் காட்டு வேர் அங்கே அரிதாகிவிட்டது. இன்று விற்பதில் பெரும்பகுதி தோட்டத்தில் விளைந்தது. அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கொரு தண்டு உதிர்ந்து, வேரின் கழுத்தில் ஆண்டுக்கொரு தழும்பு விழும். அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். ஐந்து வயதாகாத காட்டு வேரை ஏற்றுமதி செய்ய முடியாது. செடியின் சிவந்த பழங்களைத் தோண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி. பக்தி அளவைச் சொல்லவில்லை, சட்டம் சொன்னது. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத மலையில் அந்தச் சட்டத்தை யார் காவல் காப்பது? அங்கே மனசாட்சிதான் காவல். அதனால் இரண்டும் வேண்டும்.

நோயாளியின் உயிரைவிடச் செடி பெரிதா என்று கேட்கலாம். பெரிதில்லை. ஆனால் இன்றைய நோயாளிக்காகக் கடைசி வேரையும் எடுத்தால், நாளைய நோயாளிக்கு என்ன மிஞ்சும்? கட்டுப்பாடும் மருத்துவ அறத்துக்குள் அடங்கியதே. மூலிகை இருக்கும் இடத்தை மறைப்பது சுயநலம் என்பது இன்னொரு வாதம். இதற்கு அகத்தியமலையின் காணிப் பழங்குடியினர் விடை தருகிறார்கள். 1987-இல் தங்களுடன் மலையேறிய ஆராய்ச்சியாளர்களுக்கு அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடி, ‘ஜீவனி’ என்ற மருந்தானது. 1995-இல் அந்த மருந்தைத் தயாரிக்க உரிமம் வழங்கப்பட்டபோது பத்து லட்ச ரூபாய் கட்டணமும் 2 சதவீத ராயல்டியும் பேசப்பட்டன. அதில் பாதி காணிகளுக்கு. பிற்பாடு அதற்கென அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. ஆனால் தங்கள் அறிவு விலைபோவதை எதிர்த்த காணி மூப்பர்களும் இருந்தார்கள். காட்டில் இலை பறிப்பது குறித்து வனத்துறையும் தயங்கியது. மருந்தை ஊருக்குக் கொடுப்பது வேறு, காட்டைத் திறந்துவிடுவது வேறு. முன்னதற்குத் தோட்டப் பயிர் போதும். பின்னதை மறைத்துக் காப்பதில் குற்றமில்லை.

மாமரக் காட்டிலிருந்து பெயர் பெற்ற மாங்காட்டில் இன்று எங்கு பார்த்தாலும் வீடுகள்தான். காடு ஊரின் பெயரில் மட்டும் நிற்கிறது. மூலிகை மட்டும் சக்கரமாகிக் கருவறைக்குள் பிழைத்திருக்கிறது. காரணம், அதன்மேல் தண்ணீர் ஊற்ற எந்தப் பக்தருக்கும் அனுமதியில்லை. அந்த விதியைக் குறையாக நினைத்து யாரும் அம்மனை விட்டுப் போய்விடவில்லை. மலையில் தோண்டப் போகிறவரும் ஒரு செடியை எடுத்தால் பக்கத்தில் நிற்கும் செடிகளை விட்டு வரட்டும். அவர் கட்டிய காப்புக்கு அப்போதுதான் பொருள்.