விலையில்லாக் கணிதமும் ஈகையும்

தானங்கள் நான்கு என வகுத்தனர் நம் பெரியோர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் அந்நான்கனுள் சாத்திர தானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையாரின் பெயர் நம் நினைவில் எழுவது இயல்பு. பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியவர் அவர் என்பர். அக்காலத்தில் நூலறிவைப் பரப்புதற்குரிய செலவெல்லாம் படியெடுத்தலில் அடங்கியிருந்தது. ஓலைக்கும் எழுதுவோர் கூலிக்கும் பொருள் ஈந்தால் நூல் ஊர்தோறும் சென்று சேர்ந்தது.

படியெடுக்க ஒரு காசும் வேண்டாத நூல் ஒன்று இருக்குமாயின் அதற்கு ஈகை எதற்கு? இக்காலத்தில் இவ்வினாவை நம்முன் வைப்பவை திறந்த மூல மென்பொருள்கள். தம் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படுபவை இவை. கணிதத் துறையில் இத்தகையன பல உள. ஜெர்மனியின் ஆகன் நகரில் 1986இல் யோவாகிம் நாய்பூசர் தலைமையில் தொடங்கப்பட்ட ‘காப்’ குலக் கோட்பாட்டுக் கணக்கீடுகளுக்கு உரியது. அமெரிக்கக் கணித அறிஞர் வில்லியம் ஸ்டைன் 2005இல் வெளியிட்ட ‘சேஜ்’, விலைக்கு விற்கப்படும் பெரிய மென்பொருள்களுக்கு மாற்றாக அமைய வேண்டும் என்னும் நோக்கில் பிறந்தது.

கணிதத்திற்குத் திறந்த மூலம் ஏன் இன்றியமையாதது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். ஒரு தேற்றத்தின் நிறுவலை நூலகத்தில் எவரும் படித்து, ஒவ்வோர் அடியையும் சோதித்து, தம் ஆய்வில் பயன்படுத்தலாம். அதற்கு எவர்க்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அந்நிறுவலின் ஒரு பகுதியைக் கணினி செய்யும்போது மட்டும் உள்ளே பார்க்கத் தடை இருப்பது முறையா என்று நாய்பூசர் 1990களிலேயே கேட்டார். அவ்வச்சம் வீண் அன்று. ஸ்பெயின் நாட்டுக் கணித அறிஞர் மூவர், விற்பனை மென்பொருளான ‘மேத்தமேட்டிகா’வில் பெரிய முழுவெண்கள் கொண்ட அணிகளின் அணிக்கோவையைக் கணித்தபோது பிழையான விடைகள் வருவதைக் கண்டனர். ஒரே அணிக்கு இருமுறை கேட்டால் இரு வேறு விடை! தம் அனுபவத்தை 2014இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் அவர்கள் எழுதினர். பிழை எங்கே என்று தாமே தேட அவர்களுக்கு வழியில்லை, நிரல் மூடியிருந்தது. திறந்த மென்பொருளிலும் பிழை உண்டு, மிகுதியாகவும் இருக்கலாம். ஆயினும் ஐயமுற்றவன் திறந்து பார்க்கலாம். மெய்ம்மையைத் தேடுவோனுக்கு அவ்வுரிமை சிறிதன்று.

இனி ஈகைக்கு வருவோம். மென்பொருள் ஓலைச்சுவடி போன்றதன்று. கணினிகள் மாறுகின்றன; அதற்கேற்ப நிரலும் மாற வேண்டும். பயன்படுத்துவோர் பெருகப் பெருக மறைந்திருந்த பிழைகள் வெளிப்படுகின்றன. ஒரு குறி மாறியதைக் கண்டுபிடிக்க ஒருவர் மூன்று வாரம் உழைக்க நேரலாம். இறுதியில் மாறுவது ஒரே வரி. படியெடுத்தல் இலவசம், பேணுதலே செலவு. எண்வரிசைகளைக் கையாளும் ‘நம்பை’ என்னும் மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2006இல் வந்தது. 2019இல் உலகம் வியந்த கருந்துளைப் படத்தை உருவாக்கியதிலும் அதற்குப் பங்குண்டு. அத்தகைய மென்பொருளின் மேம்பாட்டிற்கென்றே நேரடியாக நல்கை கிடைத்தது 2017இல்தான்; மூர் அறக்கட்டளை ஏறத்தாழ 6,45,000 டாலர் வழங்கியது. அதுவரை பெரும்பாலும் தன்னார்வலரின் உழைப்பிலேயே அது நின்றது. ஸ்டைனோ 2016இல், பல்கலைக்கழகப் பணியினின்று விலகி நிறுவனம் ஒன்றை வளர்க்கப் போவதாக அறிவித்தார். சேஜைப் பேணுவோர்க்கு ஊதியம் தர ஆய்வு நல்கைகள் போதவில்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

புதிய தேற்றத்திற்கு நல்கை உண்டு. பழைய பிழையைத் திருத்த இல்லை. இதனை மேனாட்டாரின் குறை என்று தள்ளிவிட நமக்கு வாய் வராது. ஆலயத்தில் புது மண்டபம் எழுப்ப முன்வருவோர் எத்தனை பேர், நாள்தோறும் விளக்கெண்ணெய்க்குத் தருவோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கலாம். ஒளியை மறைக்குமளவு உபயதாரர் பெயர் எழுதிய குழல்விளக்கை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

இத்தகைய நிதியை ஈகை என்று அழைப்பதே பொருந்துமா என்பதும் ஆராயத்தக்கது. பொருளற்ற மாணவன் ஒருவன் அம்மென்பொருளைக் கொண்டு கற்பானாயின் அவன் எவர்க்கும் கடன்பட்டவன் அல்லன். அவனுக்கெனவே அது திறந்து வைக்கப்பட்டது. ஆனால் அதன் மேல் வாணிகம் கட்டிப் பெரும்பொருள் ஈட்டும் நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு தொகை தருமாயின், அதனைத் தானம் என்பதைவிடக் கடன் தீர்த்தல் என்பதே தகும் என்பது நம் கருத்து. சட்டம் அதனைக் கேட்பதில்லை என்பது உண்மையே. கட்டாயப்படுத்தினால் அது விலையாகிவிடும்; விலையானால் அம்மாணவனுக்குக் கதவு மூடும். ஆகவே கேட்க இயலாத கடனாகவே அது நிற்கிறது. கொடுப்போர் தமக்கு வேண்டிய பகுதியையே முதலில் செய்க எனப் பணிப்பதும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் தோன்றிய நம்ஃபோகஸ் போன்ற இலாப நோக்கற்ற அமைப்புகள் இடையில் நின்று பலரது சிறுதொகைகளையும் பெற்றுத் திட்டங்களுக்குச் சேர்ப்பதால் இவ்விடர் ஓரளவு குறைகிறது. ஒருவர் ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, பலர் திங்கள்தோறும் தரும் சிறுதொகையே பேணுவோர்க்கு உதவும். அடுத்த ஆண்டும் ஒருவரைப் பணியில் வைத்திருக்கலாம் என்னும் துணிவு அவர்களுக்கு அதனால்தான் பிறக்கிறது.

பொருள் ஈய இயலாதோர் பிழை கண்டு எழுதலாம். கணித நூல்களை அச்சுக்கோக்கும் ‘டெக்’ மென்பொருளை உருவாக்கி உலகிற்கு வழங்கிய டொனால்டு நூத், அதில் புதுப் பிழை காட்டுவோர்க்குத் தம் கைப்பொருளிலிருந்து காசோலை அனுப்பி வந்தார். தம் நூல்களில் காணும் பிழை ஒவ்வொன்றுக்கும் அவர் அளித்த தொகை 2.56 டாலர். பெற்றோர் பலர் அதனை வங்கியில் செலுத்தவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர்.